சம்பளம் வந்த மூன்றாம் நாளுக்குள்: முதன்முறையாக மாதக் கணக்குப் போடுகிறவர்களுக்கு

மாதக் கடைசியில் கை காய்ந்துபோனால் டீக்கடை மேல் பழி போடுவது வழக்கம். நாளுக்கு இரண்டு டீ, ஒன்று 15 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 900 ரூபாய்தான். குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் ஒரே மாதத்தில் வந்து விழும் மூன்று கல்யாணப் பத்திரிகைகளும்தான். இவற்றில் எதுவும் திடீர்ச் செலவு இல்லை. எல்லாமே தேதி தெரிந்த செலவுகள். தேதி தெரிந்தும் பணம் ஒதுக்காமல் இருப்பதில்தான் மாதக் கணக்கு உடைகிறது.

கையில் 32,000 ரூபாய் சம்பளம் வாங்கும், ஒரு குழந்தை உள்ள, வாடகை வீட்டுக் குடும்பத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். தொகைகளை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

சம்பளச் சீட்டைப் படித்துப் பாருங்கள்

வேலையில் சேரும்போது சொல்லும் ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்துச் செலவுத் திட்டம் போடக் கூடாது. நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால் உங்களிடமிருந்து 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். நிறுவனமும் 1,800 கட்டும். ஆனால் அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்வது 550 தான். பாஸ்புக்கைப் பார்த்து “கம்பெனி குறைவாகக் கட்டுகிறதே” என்று பலர் பதறுவது இதனால்தான். சம்பளம் 21,000க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் போகும். அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவச் செலவு கணிசமாகக் குறையும்.

நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அது இனிஷியல். ஆதாரில் “க. செல்வி”, பான் கார்டில் அப்பா பெயர் விரித்து எழுதிய பெயர், பி.எஃப். பதிவில் இனிஷியலே இல்லாத பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் பணம் எடுக்கப் போகும் நாளில் விண்ணப்பம் திரும்பி வரும். அவசரத்துக்கு எடுக்கப் போகும்போது இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்றையும் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். வேலை மாறினால் பழைய யூஏஎன் (பி.எஃப்.பில் உங்களுக்கென உள்ள நிரந்தர எண்) எண்ணையே புது நிறுவனத்தில் கொடுத்துத் தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுத் தொடர் சேவை முடியுமுன் மொத்தமாக எடுத்தால் அது வரிக்கு உட்படும்.

ஒரு மாதம் எழுதினால் போதும்

வாழ்நாள் முழுக்க டைரி எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள். முப்பது நாள் மட்டும் எழுதுங்கள். பால் கணக்கு நோட்டு மாதிரி, தேதி, தொகை, எதற்கு என்ற மூன்று கட்டம் போதும். வங்கி ஸ்டேட்மெண்டைப் பார்த்து மாதக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். 340 ரூபாய் யாரோ ஒருவர் பெயருக்குப் போயிருக்கும், அவர் காய்கறிக்காரரா ஆட்டோக்காரரா என்று நினைவிருக்காது. யூபிஐ லைட்டில் (பின் எண் போடாமல் சின்னத் தொகை அனுப்பும் வசதி) செய்த சின்னச் செலவுகள் பாஸ்புக்கில் தனித்தனியாக வரவே வராது.

முப்பது நாள் முடிந்ததும் நம் குடும்பத்துக்கு ஏறத்தாழ இப்படி வரும்: வாடகை 9,000, மளிகை காய்கறி பால் 9,500, கரண்ட்டும் சிலிண்டரும் 1,500, பெட்ரோல் 2,000, போன் 800. மொத்தம் 22,800. கையில் 9,200 மீதம் இருப்பதுபோல் தெரியும். அது மீதம் இல்லை என்பதை அடுத்த பட்டியல் காட்டும்.

ஆண்டுப் பட்டியல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் தை முதல் மார்கழி வரை மாதங்களை எழுதி, எந்த மாதம் என்ன பெரிய செலவு வரும் என்று குறியுங்கள். நம் குடும்பத்துக்கு:

பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை: 24,000
தீபாவளி: 12,000
மொய், சீர்: 10,000
ஊருக்குப் போய்வருவது: 8,000
வண்டி சர்வீஸ், டயர்: 6,000
பொங்கல்: 4,000
வண்டி இன்சூரன்ஸ்: 2,000

கூட்டினால் 66,000. மாதத்துக்கு 5,500. அந்த 9,200இல் இது போனால் உண்மையான மீதம் 3,700. சம்பளத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று சொல்லித்தருகிற சூத்திரம் இந்த வருமானத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. அதைப் பின்பற்ற முயன்று இரண்டாம் மாதமே விட்டுவிடுவதைவிட, 5,500ஐத் தனியே வைத்துவிட்டு 2,000 சேமிப்பது எவ்வளவோ மேல்.

மொய்க்கு வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். வந்த மொய் எல்லாம் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்குதான். உங்கள் கல்யாணத்துக்கு 1,001 எழுதியவர் வீட்டில் பெண் எந்த வயதில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், செலவு எந்த ஆண்டு வரும் என்பதும் ஓரளவு தெரியும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை, அங்கே மொய் நோட்டுதான் கணக்குப் புத்தகம்.

முதல் ஆண்டில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏப்ரலில் தொடங்கி மாதம் 5,500 ஒதுக்கினால் ஜூன் தொடங்கும்போது கையில் 11,000 தான் இருக்கும். பள்ளியோ 24,000 கேட்கும். எனவே முதல் சுற்றில் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். அடுத்து வரும் பெரிய செலவின் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இருக்கும் மாதங்களால் வகுங்கள். கட்ட முடியாத தொகை வந்தால் பள்ளியில் தவணை கேளுங்கள். ஏப்ரலிலேயே கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஜூன் பத்தாம் தேதி கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

மூன்று கணக்கு

ஒரே வங்கிக் கணக்கில் வாடகை, காய்கறி, பள்ளிக் கட்டணம் எல்லாம் கிடந்தால், கணக்கில் தெரியும் தொகை முழுவதும் செலவுக்கு உரியதாகத் தோன்றும். மூன்றாகப் பிரியுங்கள்.

சம்பளக் கணக்கிலிருந்து வாடகை, இ.எம்.ஐ., காப்பீடு மட்டும் போகட்டும். இரண்டாவது, செலவுக் கணக்கு. போனில் உள்ள யூபிஐயை இதில் மட்டும் இணையுங்கள். காய்கறி, மளிகை, பெட்ரோலுக்கான தொகையை மாதத் தொடக்கத்தில் மொத்தமாகப் போடாமல், வாரத்துக்கு ஒருமுறை போடுங்கள். நான்காம் வாரத்துக்கும் பணம் மிஞ்சும். மூன்றாவது, ஆண்டுச் செலவும் சேமிப்பும் இருக்கும் கணக்கு. இதற்கு யூபிஐ வேண்டாம், ஏ.டி.எம். கார்டு பீரோவில் இருக்கட்டும். எடுப்பதற்குக் கொஞ்சம் சிரமம் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

குறைந்தபட்ச இருப்புத் தொகையைக் கணக்குத் தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடும். வேலை மாறியவர்கள் பழைய கணக்கை மறந்துவிட, அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

தானாகப் பிடிக்கும் தொகைகளுக்குத் தேதி வைப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சம்பளம் 1ஆம் தேதி வரும் என்று இ.எம்.ஐ.யை 1ஆம் தேதியே வைத்துவிடுவார்கள். 2021 ஆகஸ்ட் முதல் இந்தத் தானியங்கிப் பிடித்தம் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் எல்லா நாளும் நடக்கிறது. உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஞாயிறன்று சம்பளம் போடாது. பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், போதாததற்குக் கடன் மதிப்பெண்ணிலும் ஒரு கறை. தேதியை 5 அல்லது 7க்குத் தள்ளிவையுங்கள்.

சம்பளம் வந்த மூன்று நாளுக்குள் வேலை இவ்வளவுதான்: வாடகை அனுப்பு, 5,500ம் 2,000ம் மூன்றாவது கணக்குக்கு மாற்று, முதல் வாரச் செலவுத் தொகையைச் செலவுக் கணக்கில் போடு. பத்து நிமிடம் ஆகும்.

எங்கே குறைக்கலாம்

அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, மூன்று இடம் மட்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். அதனால் 500க்கும் 510க்கும் வித்தியாசம் பத்து யூனிட் விலையைவிடப் பல மடங்கு. ஏ.சி. உள்ள வீட்டில் மீட்டரை நாற்பதாம் நாள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கௌரவம் பார்த்து வாங்காமல் விடுகிறவர்கள் அதே பருப்புக்குக் கடையில் பல மடங்கு கொடுக்கிறார்கள். ஆவின் பால் தினமும் வாங்கினால் மாத அட்டை போட்டுக்கொள்ளுங்கள், கடை விலையைவிடக் குறைவு.

அவசரப் பணம்

மூன்று மாத வீட்டுச் செலவு, நம் கணக்கில் சுமார் 68,000. மாதம் 2,000 வீதம் சேர மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். பரவாயில்லை. முதல் 10,000 சேர்ந்த நாளிலிருந்தே பயன் தெரியும்: வண்டி ரிப்பேருக்குப் பக்கத்து வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்காது.

30,000 சேர்ந்ததும் ஒரே வைப்பாகப் போடாமல் பத்துப் பத்தாயிரமாக மூன்று வைப்பு போடுங்கள். அவசரத்துக்கு 8,000 தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற இரண்டின் வட்டி கெடாது. வங்கி மூழ்கினாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இந்தக் காப்பீடு வங்கி வைப்புக்கு மட்டும்தான். நிதி நிறுவனம், நகைக்கடை, சீட்டுக் கம்பெனி எதற்கும் கிடையாது.

அஞ்சலக ஆர்.டி.

ஆர்.டி. என்றால் மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு. கட்டாயம் இல்லாவிட்டால் சேமிக்க வராதவர்களுக்கு இது நல்ல வழி. குறைந்தது 100 ரூபாய், 60 மாதம். 2023 அக்டோபர் முதல் வட்டி 6.7 சதவீதம். தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டும் மாறாது. மாதம் 1,000 கட்டினால் 60,000 கட்டி முடித்து 71,366 கையில் வரும்.

15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும், அதற்குப் பின் தொடங்கியதற்கு மாதக் கடைசி வேலைநாள் வரை அவகாசம். சம்பளம் தாமதமாக வரும் வேலையென்றால் 16க்குப் பிறகே தொடங்குங்கள். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு முறை தவறினால் கணக்கு நின்றுபோகும், அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்கலாம். மூன்று ஆண்டுக்குப் பின் இடையில் முடிக்கலாம்தான், ஆனால் அப்படி முடித்தால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். நான்கரை ஆண்டு கட்டிவிட்டு அவசரம் என்று முடிக்கிறவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். அதற்குப் பதில், 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை அதன்மேல் கடன் வாங்கலாம். ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல்.

சீட்டு

“சீட்டுப் போடாதே” என்று ஒரே வரியில் முடித்துவிட மனம் வரவில்லை, ஏனென்றால் நல்ல சீட்டு நல்ல கருவிதான். கணக்கு தெரியாமல் போடுவதில்தான் ஆபத்து.

ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாதம், தவணை 5,000. ஒருவர் ஏலத்தில் 25,000 தள்ளி, அதாவது அவ்வளவு விட்டுக்கொடுத்து, எடுக்கிறார் என்றால் அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000இல் நடத்துபவர் கமிஷன் 5,000 போக, 20,000ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 கசர், அதாவது தவணையில் கழிவு. அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். தொடக்கத்தில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருப்பதால் இது மறைந்து கிடக்கிறது. கசர் போக மொத்தம் 88,000 கட்டிய ஒருவர் கடைசி மாதம் 95,000 எடுத்தால் லாபம் 7,000. பணம் சராசரியாகப் பத்து மாதம்தான் சீட்டில் இருந்தது என்பதால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம். நடத்துபவர் ஓடிப்போனால் 88,000ம் போச்சு. அந்தக் கூடுதல் வட்டி இந்த ஆபத்துக்கான கூலி.

போடுமுன் கேட்க வேண்டியவை: 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா, பதிவாளரின் முன் அனுமதி எண் என்ன, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கட்டியாயிற்றா, கமிஷன் எவ்வளவு. 2019 திருத்தத்துக்குப் பின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எடுத்தபின் என்ன ஜாமீன் கேட்பார்கள் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். ஏலத்தில் எடுத்துவிட்டு ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் பணம் வாங்க அலைகிறவர்கள் நிறைய. தெருவில் தெரிந்த அக்கா நடத்தும் சீட்டுக்குச் சட்டத்தின் துணை கிடையாது. போட்டால், போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகைக்கு மட்டும் போடுங்கள்.

நகைச் சீட்டு வேறு. பதினோரு மாதம் கட்டி நகை எடுப்பது. பணமாகச் சேர்கிறதா, கட்டும் நாளின் விலைப்படி கிராமாகச் சேர்கிறதா என்பது முதல் கேள்வி. சேதாரம் இல்லை என்பது எத்தனை சதவீதம் வரை, எந்த நகைக்கு என்பது இரண்டாவது. நாணயத்துக்கும் கல் நகைக்கும் பெரும்பாலும் சலுகை பொருந்தாது. வாங்கும்போது நகையில் உள்ள ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

கடனை வட்டியாக மாற்றிப் பாருங்கள்

எந்தக் கடனையும் “எத்தனை வட்டி” என்று நம் பழைய கணக்குக்கு மாற்றினால் குட்டு வெளிப்படும். ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம்.

தண்டல்: 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள். “நூற்றுக்குப் பதினைந்துதானே” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருந்தது 4,250 தான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. மாதத்துக்குப் பத்து வட்டிக்கு மேல்.

வண்டிக் கடனில் “ஃப்ளாட் 10 சதவீதம்” என்பார்கள், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி. 60,000க்கு இரண்டு ஆண்டு வட்டி 12,000 சேர்த்து மாதம் 3,000. அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் அது 18 சதவீதம், ஒன்றரை வட்டி.

கிரெடிட் கார்டு பெரும்பாலும் மாதம் மூன்றரை வட்டி வரை. 20,000 பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகையாக 1,000 கட்டினால், வட்டி 700, அதன்மேல் ஜி.எஸ்.டி. 126. அசலில் குறைவது 174 ரூபாய். போதாததற்கு, முழுப் பாக்கியும் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏற்கெனவே பாக்கி இருந்தால் அந்தக் கார்டில் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.

அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்க வேண்டும். தண்டலோ கந்துவட்டியோ இருந்தால் வங்கியில் நகையை வைத்தாவது அதைத் தீர்ப்பது லாபம். ஆனால் நகைக் கடனை ஆண்டுக்கு ஒருமுறை வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் அசல் அசையாது. தண்டலுக்குத் தினம் கட்டிய நூறு ரூபாயை அப்படியே நகைக் கடனின் அசலில் கட்டிவாருங்கள். வங்கிகள் இடையில் அசல் கட்டுவதை ஏற்கும், அன்றிலிருந்து வட்டியும் குறையும்.

காப்பீடும் நாமினியும்

சேமிப்பையும் காப்பீட்டையும் ஒரே பாலிசியில் குழைக்காதீர்கள். இரண்டும் அரைகுறையாக இருக்கும். குறைந்தபட்சம், வங்கிக் கணக்கிலிருந்தே ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். முதலாவதில் 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், இரண்டாவதில் 70 வரை. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசி வாரத்தில் அந்தக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடித்தம் நடக்காது, காப்பீடும் நின்றுபோகும். எந்தக் கணக்கில் இணைத்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் 2 லட்சம் போதாது, டேர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத ஆயுள் காப்பீடு) தனியே வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ளவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒரு தாள். எந்த வங்கியில் எந்தக் கிளையில் கணக்கு, ஆர்.டி. புத்தகம் எங்கே, பி.எஃப். எண், பாலிசி எண், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று எழுதி, பீரோவில் மொய் நோட்டோடு சேர்த்து வையுங்கள். கடவுச்சொல்லும் பின் எண்ணும் அதில் வேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் நாமினி யார் என்று பாருங்கள். வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு அப்படியே விட்ட கணக்குகள் ஏராளம். பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு முன் செய்த நியமனம் கல்யாணம் ஆனதும் செல்லாது, புதிதாகத்தான் பதிய வேண்டும். நாமினியின் பெயரை எழுதும்போதும் ஆதாரில் உள்ள இனிஷியலையே எழுதுங்கள்.